பந்தர் என்றால் குரங்கு: வேதாளன் சித்திரக்கதையை மறுபடி வாசித்தல்

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு சாக்குமூட்டை வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் வீடு மாறும்போது பழைய புத்தகங்களைக் கடையில் எடைக்குப் போட மனமில்லாமல் எங்களிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இந்திரஜால் காமிக்ஸ். சில தமிழில், சில ஆங்கிலத்தில், அட்டை கிழிந்தவை, நடுப்பக்கம் காணாமல் போனவை. பாடப்புத்தகம் என்றால் தலை தெறிக்க ஓடுகிற பிள்ளைகள் அன்று இரவு எட்டரை வரை எழுந்து போகவில்லை. எங்களுக்கும் சந்தோஷம்தான். எங்களில் சிலர் சின்ன வயதில் வாடகைக்கு வாங்கிப் படித்த கதைகள் அவை.

மறுவாரம் பிள்ளைகள் கதையை விளையாடத் தொடங்கினார்கள். ஒருவன் வேதாளன். ஒருத்தி டயானா. கொள்ளையர்கள் நாலைந்து பேர். மீதி இருந்தவர்களில் யார் கறுப்போ, யார் குட்டையோ, அவர்கள் காட்டுக் குள்ளர்கள். அப்படிப் பிரிக்கச் சொல்லி யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் எல்லோரும் ஒரே சாதி. அதற்குள்ளேயே நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள். பேசித் தீர்க்கலாம் என்று நினைத்திருந்தோம். அதற்குள் இன்னொன்று நடந்தது. கட்டட வேலைக்கு வந்த பீகார்க் குடும்பத்துப் பையன் ஒருவன் படிப்பகத்துக்கு வருகிறான், ஆறாம் வகுப்பு. ஆங்கில இதழ் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தான். என்னடா என்றோம். அந்தக் காட்டு மக்களின் பெயரில் விரலை வைத்துக் காட்டினான். "அண்ணா, பந்தர்னா கொரங்கு."

முப்பது வருடமாக அந்தக் கதை எங்களுக்குத் தெரியும். அந்தச் சொல் தெரியாது. தமிழில் படித்தவர்களுக்கு அது ஏதோ ஆப்பிரிக்கப் பெயர், அவ்வளவுதான். இந்தி தெரிந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு நொடியில் கண்டுபிடித்ததை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தச் சித்திரக்கதைக்குள் எந்தெந்த இலக்கியங்கள், யார் யாருடைய கதைகள் வந்து கலந்திருக்கின்றன என்று தேடிப் படிக்கத் தொடங்கினோம். தேடியதில் கிடைத்ததைத் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

வேதாளன், மாயாவி என்று தமிழில் பல பெயர்களில் உலவிய இந்த பேண்டம், அமெரிக்க நாளிதழ்களில் 1936 பிப்ரவரி 17இல் தொடங்கிய தொடர். எழுதியவர் லீ பால்க். 1911இல் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பிறப்புப் பெயர் லியோன் கிராஸ். பெயரை மாற்றிக்கொண்ட மனிதருக்குப் பெயரின் கனம் தெரியாமல் இருந்திருக்காது என்று நமக்குத் தோன்றுகிறது. பேண்டமுக்கு இரண்டு வருடம் முன்பே, 1934இல், மாண்ட்ரேக் என்ற மந்திரவாதியைப் படைத்துவிட்டார். 1999இல் இறக்கும்வரை, அறுபது வருடங்களுக்கு மேல் இரண்டையும் எழுதிக்கொண்டே இருந்தார். நாடகம் எழுதியவர், இயக்கியவர். நிறையப் படித்தவர்.

அந்தப் படிப்பு கதையெங்கும் தெரிகிறது. ஆர்தர் மன்னன் கதைகள், ஸ்பெயின் வீரன் எல் சித், கிரேக்க ரோமானியப் புராணங்கள், எட்கர் ரைஸ் பர்ரோஸின் டார்ஜான், கிப்ளிங்கின் மௌக்லி ஆகியவை தன்னைப் பாதித்ததாக பால்க் சொல்லியிருக்கிறார். உடம்போடு ஒட்டிய உடுப்பு ராபின் ஹூட்டிடமிருந்து வந்தது. முகமூடிக்குள் கருவிழியே இல்லாமல் வெள்ளையாகத் தெரிகிற கண்கள் பழைய கிரேக்கச் சிலைகளைப் பார்த்து வந்த யோசனை. மண்டையோட்டுக் குகைக்குள் இருக்கும் பொக்கிஷ அறையில் ஆர்தரின் வாள் இருக்கிறது, அலெக்சாண்டரின் வைரக் கோப்பை இருக்கிறது, கிளியோபாட்ராவைக் கடித்த பாம்புகூடப் பத்திரமாக இருக்கிறது! முதல் வேதாளனின் தகப்பன் கொலம்பஸின் கப்பலில் எடுபிடிப் பையனாக இருந்தவன். மூன்றாம் வேதாளன் ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஜூலியட்டாக வேஷம் கட்டியவன். ஷேக்ஸ்பியரின் உறவுப் பெண்ணையே மணந்தவன். அந்தக் காலத்தில் பெண் வேஷம் ஆண் பிள்ளைகள்தான் கட்டுவார்கள் என்பது பால்க்குக்குத் தெரிந்திருக்கிறது, அதை வைத்து விளையாடியிருக்கிறார். படிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது. பால்க் நல்ல கதைசொல்லி என்பதை மறுத்துவிட்டு அவரை விமர்சிக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

ஆனால் பட்டியலை மறுபடி பாருங்கள். நாயகனுக்குத் தாய்வழி தகப்பன்வழி என்று ஐரோப்பிய இலக்கியம் முழுவதும் சொந்தமாகிறது. அவன் வாழும் காட்டு மக்களுக்கு என்ன இலக்கியம் இருக்கிறது? என்ன பாட்டு, என்ன தோற்றக் கதை? அவர்களுக்கு "பழைய காட்டு மொழி" என்று ஒன்று உண்டு. கதையில் அடிக்கடி கட்டத்தின் ஓரத்தில் அந்தப் பழமொழிகள் வரும். வேதாளன் கோபப்பட்டால் எப்படியிருக்கும், அவன் குரல் எப்படியிருக்கும், அவன் எவ்வளவு வேகமாக வருவான். ஒரு சமூகத்தின் பழமொழி என்றால் அதில் மழை இருக்கும், பசி இருக்கும், மாமியார் மருமகள் இருப்பார்கள், கடன்காரன் இருப்பான். இந்தக் காட்டு மக்களின் பழமொழிகளில் வேதாளனைத் தவிர வேறு யாருமே இல்லை. அதாவது அவர்களுடைய நாட்டார் வழக்கு முழுவதும் தங்களை ஆளவந்தவனைப் பற்றிய புகழ்மாலை. எழுதியவர் நியூயார்க்கில் மேசையில் உட்கார்ந்து உண்டாக்கியது. (பழமொழி என்றதும் நெகிழ்ந்துவிடும் தோழர்களுக்கு ஓர் இடைக்குறிப்பு. நம் ஊர்ப் பழமொழித் தொகுப்பு எதையாவது எடுத்து, சாதிப் பெயர் வருகிற பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். யார் வாயிலிருந்து யாரைப் பற்றிப் பிறந்தவை என்று புரியும்.)

உண்மையான மத்திய ஆப்பிரிக்கக் காட்டு மக்களுக்குப் பாட்டு இல்லையா? அக்கா மக்கள் பல குரல்களைப் பின்னிப் பாடும் முறையை 2003இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. நான்கு குரல்கள் நான்கு பாதையில் போய்க் கலக்கும் பாட்டு அது. அந்தப் பாட்டில் ஒரு துணுக்குகூட இந்தத் தொடருக்குள் வந்ததில்லை. முரசு மட்டும் வரும். செய்தி அனுப்புவதற்கு.

இப்போது தோற்றக் கதைக்கு வருவோம். 1536ஆம் வருடம். சிங் என்ற கொள்ளையர் கூட்டம் ஒரு கப்பலைத் தாக்குகிறது. தகப்பன் கொல்லப்பட, கிறிஸ்டோபர் வாக்கர் மட்டும் கரையொதுங்குகிறான். பந்தர் என்ற பிக்மி மக்கள் அவனைத் தூக்கிவந்து பிழைக்கவைக்கிறார்கள். தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான்: கொள்ளையையும் பேராசையையும் கொடுமையையும் அநீதியையும் அழிப்பேன், என் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் இதைத் தொடர்வார்கள். தகப்பனுக்குப் பின் மகன் முகமூடியைப் போட்டுக்கொள்ள, வெளியுலகம் நானூறு வருடமாக ஒரே ஆள் சாகாமல் இருப்பதாக நம்புகிறது. இப்போதிருப்பவன் இருபத்தொன்றாமவன்.

இதை எல்லோரும் படித்திருப்போம். படித்தும் மனதில் நிற்காமல் போகிற ஒரு பகுதி உண்டு. அந்தப் பந்தர் மக்கள் அடிமைகள். வசாகா என்ற உயரமான மக்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். இவர்களை விடுதலை செய்யுங்கள் என்று கேட்கப்போன வாக்கரை வசாகாக்கள் பிடித்துத் தங்கள் பேய்த்தெய்வத்துக்குப் பலியாகக் கிடத்துகிறார்கள். அவனை மீட்டு வந்தவர்கள் பந்தர் மக்கள். அந்தப் பேய்த்தெய்வத்தின் உருவத்தைப் பார்த்துத்தான் அவன் தன் உடுப்பைத் தைத்துக்கொள்கிறான். பிறகு நடந்த சண்டையில் ஜெயித்தது அவனுடைய முஷ்டி அல்ல. பந்தர் மக்கள் கையிலிருந்த விஷம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், கடலிலிருந்து ஒருமுறை, பலிபீடத்திலிருந்து ஒருமுறை என்று இரண்டு தடவை அவன் உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆயுதம் அவர்களுடையது. காட்டைத் தெரிந்தவர்கள் அவர்கள். உடுப்பின் வடிவம்கூட அந்த மண்ணின் தெய்வத்தினுடையது. ஆனாலும் கதையின்படி விடுதலை கொடுத்தவன் அவன். கடலிலிருந்து ஒருவன் வந்து நம்மை மீட்பான் என்று பந்தர் மக்களிடையே ஏற்கெனவே ஒரு வாக்கு இருந்ததாகவும் கதை சொல்கிறது. காத்துக்கிடந்தவர்கள் என்று ஆக்கிவிட்டால் போராடியவர்கள் என்று சொல்லவேண்டியதில்லை அல்லவா? இருபத்தொரு தலைமுறை ஆகியும் குரான் தலைமையில் அவர்கள் குகைக்குக் காவல் நிற்கிறார்கள். அடிமைத்தனம் போய்விட்டது, ஊழியம் போகவில்லை.

சிம்மாசனம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது, காவல் வேலையும் அப்படியே தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிறது. பிறப்பால் தொழில் என்றால் நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. நடுவில் ஒரு பெண் வந்தாள். பதினேழாம் வேதாளன் காயம்பட்டுக் கிடந்தபோது அவனுடைய இரட்டைச் சகோதரி ஜூலி முகமூடி அணிந்து எல்லா வேலையையும் பார்த்தாள். 1952இல் வந்த கதை. இருபத்தொருவர் கணக்கில் அவள் சேரவில்லை.

சரி, பெயருக்கு வருவோம். தொடக்கத்தில் இந்தக் கதை ஆப்பிரிக்காவில் நடக்கவில்லை. பெங்கல்லா என்ற நாடு ஆசியாவில், நம் கடல்களை ஒட்டி எங்கோ இருந்தது. பெங்கல்லா, சிங், ராமா என்ற பெயர்களே சாட்சி. 1960களில்தான் அது ஆப்பிரிக்காவில் நிலைத்தது. நாடு கண்டம் மாறியும் பெயர்கள் மாறவில்லை. எனவே பந்தர் என்பது இந்திச் சொல்தான் என்று கொள்வதில் தவறில்லை. அதை பால்க் எங்கிருந்து எடுத்திருப்பார்? 1894இல் வந்த கிப்ளிங்கின் காட்டுப் புத்தகத்தில் பந்தர்-லோக் என்று ஒரு கூட்டம் வருகிறது. குரங்கு ஜனம். சட்டம் இல்லாதவர்கள், தலைவன் இல்லாதவர்கள், ஞாபகம் இல்லாதவர்கள், மற்ற மிருகங்கள் ஒதுக்கிவைத்தவர்கள். காட்டில் மற்ற எல்லோருக்கும் சட்டம் உண்டு, இவர்கள் மட்டும் புறத்தே. கிப்ளிங் யாரை மனதில் வைத்து எழுதினார் என்ற விவாதம் நீண்டது, அதற்குள் போகவேண்டாம். மௌக்லியை விரும்பிப் படித்த பால்க் அங்கிருந்துதான் அந்தச் சொல்லை எடுத்து ஒரு மனிதக் கூட்டத்துக்கு வைத்தார் என்பது எங்கள் வாசிப்பு. அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்லவில்லை. அவருடைய பந்தர் மக்கள் நல்லவர்கள், விசுவாசமானவர்கள். நல்ல குரங்குகள்.

இங்கே கொஞ்சம் நின்று ஓட்டா பெங்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கதாபாத்திரம் அல்ல. காங்கோவில் பிறந்த பிக்மி மனிதர். பெல்ஜியம் மன்னன் லியோபோல்டின் படை அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றது. அடிமைச் சந்தையில் இருந்த அவரை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, 1904இல் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். பிலிப்பைன்ஸ் மலைமக்கள், அமெரிக்கப் பழங்குடிகள், ஆப்பிரிக்கர்கள் எல்லோரையும் மனிதர்களின் படிநிலை என்ற பெயரில் அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். மானிடவியல் துறையே அதை நடத்தியது. சமூகவியல் படித்த நாங்கள் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். இரண்டு வருடம் கழித்து, 1906 செப்டம்பரில், நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் குரங்குக் கூண்டுக்குள் ஒராங்குட்டானோடு அவரை வைத்தார்கள். கையில் வில்லும் அம்பும் கொடுத்தார்கள். கூட்டம் அலைமோதியது. கறுப்பின மதகுருமார்கள் எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகே அவர் வெளியே வந்தார். 1916இல் வர்ஜீனியாவில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த மிருகக்காட்சிசாலையை நடத்தும் அமைப்பு மன்னிப்புக் கேட்டது 2020இல்.

1904இல் அந்தக் கண்காட்சி நடந்த ஊர் செயின்ட் லூயிஸ். ஏழு வருடம் கழித்து லீ பால்க் பிறந்த அதே ஊர். இதிலிருந்து அது வந்தது என்று நாங்கள் வழக்குப் போடவில்லை. கண்காட்சியை அவர் பார்த்திருக்கவும் முடியாது. ஆனால் பிக்மி, வில் அம்பு, குரங்கு என்ற மூன்றும் ஒரே படத்தில் சேர்ந்து நிற்பது அந்த நாட்டின் பொதுப்புத்தியில் ஏற்கெனவே பதிந்திருந்தது. 1936இல் நாளிதழைப் பிரித்த வெள்ளை வாசகருக்கு அந்தப் படம் புதிதல்ல.

இனி நம் நாட்டுக்கு. பேண்டம் 1940களிலேயே இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆப் இந்தியாவில் வந்தது. 1964 மார்ச்சில் டைம்ஸ் ஆப் இந்தியா நிறுவனம் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கியது. 1990வரை தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிட்டது. இந்திய வாசகருக்குப் போகும் முன் சில பெயர்களைப் பதிப்பாளர்கள் மாற்றினார்கள். எவற்றை என்பதுதான் முக்கியம். பெங்கல்லா என்பது வங்கத்தை நினைவூட்டும் என்று டெங்காலி ஆனது. சிங் கொள்ளையர் என்றால் சிங் என்று பெயர் வைத்திருக்கும் ஆதிக்க சாதியினரும் சீக்கியர்களும் புண்படுவார்கள் என்று சிங்கா ஆனது. இருபதாம் வேதாளனை முதுகில் குத்திக் கொன்றவன் பெயர் மூலத்தில் ராமா. அதை விடுவார்களா? ராமலு ஆனான். நல்லது. அடுத்தவர் மனம் புண்படக்கூடாது என்ற அக்கறை நல்லதுதான். ஆனால் ஒரு முழு ஜனத்துக்குக் குரங்கு என்று பெயர் இருப்பதை ஆங்கிலப் பதிப்பில் அப்படியே விட்டார்கள். இந்தி தெரிந்த நாட்டில், இந்தி தெரிந்த ஆசிரியர்கள் இருந்த அலுவலகத்தில், அது யார் கண்ணையும் உறுத்தவில்லை.

கண்ணை உறுத்தாததற்குக் காரணம் இருக்கிறது. காட்டில் வாழும் ஒரு ஜனம் குரங்காக இருப்பதும், தெற்கே வரும் இளவரசனுக்கு அது சேவகம் செய்வதும் இந்த நாட்டில் பக்தியோடு கேட்கப்படுகிற கதை. அந்த வானரர்கள் யார் என்று தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கேட்டது நமக்குத் தெரியும். பாபாசாகேப் எழுதிவைத்துப்போன 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலில் ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதி ஒன்று உண்டு. மராட்டிய அரசு 1987இல் அதை வெளியிட்டபோது, நீக்கவேண்டும் என்று ஆதிக்க சாதி அமைப்புகள் பம்பாயில் தெருவுக்கு வந்தன. பதிலுக்கு 1988 பிப்ரவரியில் தலித் மக்கள் திரண்டு நடத்திய பேரணிக்குப் பிறகே அந்தப் பகுதி நின்றது. அதுவும், இதில் சொல்லப்பட்ட கருத்து அரசின் கருத்தல்ல என்ற குறிப்போடு. ஒரு காமிக்ஸ் கொலைகாரனின் பெயர் ராமாவிலிருந்து ராமலுவாக எந்தச் சத்தமும் இல்லாமல் மாறியது. அரசியல் சட்டத்தை எழுதியவரின் புத்தகத்தில் சில பக்கங்கள் நிலைப்பதற்கு லட்சக்கணக்கில் ஜனம் தெருவில் நிற்கவேண்டியிருந்தது.

பெயர் வைக்கும் அதிகாரம் பற்றி நம் வரலாற்றில் இன்னொரு பாடம் உண்டு. காந்தி 1933இல் ஹரிஜன் என்று பத்திரிகையே தொடங்கினார். அன்போடுதான் வைத்தார். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு மசோதாவில் அந்தச் சொல்லைச் சேர்க்க முயன்றபோது, எங்களைக் கேட்காமல் எங்களுக்குப் பெயர் வைக்க நீங்கள் யார் என்று எதிர்த்த அண்ணலும் அவருடைய கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். அன்பாக வைத்த பெயர் என்பது அங்கே பதிலாகவில்லை.

பெயர் மாற்றத்தில் இன்னொரு சுவாரசியம், நாயகனுக்கே நடந்தது. வங்காளத்தில் அவன் அரண்யதேவ், காட்டுத் தெய்வம். இந்தியில் வேதாள். தமிழில் வேதாளன். பேண்டம் என்ற சொல்லுக்கு ஆவி என்று பொருள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் விக்கிரமாதித்தன் கதையிலிருந்து முருங்கைமர வேதாளத்தை இறக்கிக்கொண்டார்கள். அழகான தேர்வு. கொங்கணத்திலும் மராட்டியத்திலும் வேதாள் இன்றும் ஊரைக் காக்கும் எல்லைத் தெய்வம். ஆனால் ஏட்டில் ஏறிய வேதாளம் எப்படிப்பட்டது? பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் அந்த இருபத்தைந்து கதைகளும் இருக்கின்றன. அதில் ஒன்று அனங்கரதி என்ற அரசகுமாரியின் கதை. நான்கு பேர் பெண் கேட்டு வருகிறார்கள். ஒருவன் சூத்திரன், நாளொன்றுக்கு ஐந்து ஜோடி நேர்த்தியான துணி நெய்பவன். இன்னொருவன் வைசியன், பறவை விலங்குகளின் மொழி அறிந்தவன். மூன்றாமவன் சத்திரியன், வாள்வீச்சில் வல்லவன். நான்காமவன் பார்ப்பனன், செத்தவரை எழுப்பத் தெரிந்தவன். யாருக்குக் கொடுப்பது என்று வேதாளம் கேட்கிறது. சத்திரியப் பெண்ணை நெசவுக்காரனுக்கு எப்படிக் கொடுப்பது, வாள்காரனுக்குத்தான் என்று விக்கிரமன் பதில் சொல்கிறான். சரியான பதில் என்று வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடுகிறது!

எங்கள் படிப்பகத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டோம். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி, "அந்தப் பொண்ணக் கேட்டாங்களாக்கா?" என்றாள். கதையில் அந்தக் கேள்வி விக்கிரமனுக்கும் தோன்றவில்லை, வேதாளத்துக்கும் தோன்றவில்லை.

காலம் மாறியபோது பால்க்கும் மாறினார் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்ற 1960களில் பெங்கல்லாவிலும் தேர்தல் வந்தது. லமண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் ஜனாதிபதியானார். படித்தவர், நேர்மையானவர், வேதாளனுக்கு நண்பர். மாண்ட்ரேக் கதையில் லோதர் என்ற ஆப்பிரிக்க இளவரசன் சிறுத்தைத் தோலைக் கட்டிக்கொண்டு கொச்சை ஆங்கிலம் பேசும் வேலைக்காரனாக முப்பது வருடம் இருந்தான். 1965இல் பிரெட் பிரெடரிக்ஸ் வரையவந்த பிறகு சட்டை போட்டுச் சரளமாகப் பேசத் தொடங்கினான். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக செல்மாவில் அடிவாங்கிய அதே வருடம். நாளிதழ்ச் சித்திரக்கதைக்குச் சட்டை மாற்ற அவ்வளவு பெரிய போராட்டம் தேவைப்பட்டது. லுவாகா வந்த பிறகும் காட்டின் நீதிபதி வேதாளன்தான், அதுவும் மாறவில்லை.

படித்ததில் எங்களை மிகவும் யோசிக்கவைத்தது பப்புவா நியூகினியாவின் கதை. அந்நாட்டு மலைப்பகுதியில் வாகி பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்குள்ள மக்கள் சண்டைக்குப் பெரிய கேடயங்கள் செய்து வண்ணம் தீட்டுவது வழக்கம். காலனி ஆட்சியில் அடங்கியிருந்த குலச்சண்டைகள் 1980களில் மீண்டும் தொடங்கியபோது பழைய கேடயங்களுக்குப் பதில் புதியவை செய்யவேண்டியிருந்தது. மரத்திலும், கார்த் தகடு போன்ற கிடைத்த உலோகத்திலும் செய்தார்கள். பலவற்றின் நடுவில் யாரை வரைந்தார்கள் தெரியுமா? பேண்டமை. அவர்களுடைய டோக் பிசின் மொழியில் காமிக்ஸ் வந்திருந்தது. சாகாதவன் கேடயத்தில் நின்றால் பின்னால் நிற்பவனும் சாகமாட்டான் என்பது கணக்கு. இன்று அந்தக் கேடயங்கள் உலக அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. குலச்சண்டையைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வெள்ளை நாயகனுக்குக் காவல் நிற்கும் கறுப்பர்கள் என்று எழுதப்பட்ட கதை. அதைப் படித்த கறுப்பர்கள், தங்களுக்குக் காவல் நிற்க அவனை முன்னால் நிறுத்திவிட்டார்கள். நியூயார்க்கில் இருந்த எழுத்தாளர் இதைக் கற்பனைகூடச் செய்திருக்கமாட்டார்.

நம் பக்கத்தில் இதற்கு இணையாக ஒன்றைத் தேடினால் 2011இல் நவாயனா வெளியிட்ட 'பீமாயணா' இருக்கிறது. பர்தான் கோண்ட் பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் வரைந்த பாபாசாகேபின் வாழ்க்கை. அமெரிக்கக் காமிக்ஸ் போலக் கட்டம் கட்டி மனிதர்களை அடைக்க அவர்கள் ஒப்பவில்லை. கோண்டு வீட்டுச் சுவர்க் கோலமே பக்கத்தைப் பிரிக்கிறது. தண்ணீர் கேட்கும் குழந்தையின் உடம்பு மீனாகிறது. இதமான பேச்சு பறவை வடிவக் குமிழிக்குள் வரும். சாதிவெறியன் பேசினால் குமிழிக்குத் தேள் கொடுக்கு முளைக்கும். காட்டு மக்களை வெளியிலிருந்து ஒருவர் வரைந்தால் என்ன வரும், அவர்களே வரைந்தால் என்ன வரும் என்று இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அவர்களுக்குப் பிடித்தது கொடுக்குதான். அன்றிலிருந்து படிப்பகத்தில் யாராவது திட்டினால் விரலை வளைத்துக் காட்டுகிறார்கள்.

மூட்டையில் வந்த இதழ்களை எடுத்து ஒளித்துவைக்கலாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். பதிலாக, அட்டை கிழிந்த இதழ்களுக்குப் புது அட்டை வரைந்து ஒட்டச் சொன்னோம். பீகார்ப் பையன் எடுத்தது முதல் வேதாளன் கரையொதுங்கும் கதை. அவன் வரைந்த அட்டையில் ஒருவன் மணலில் குப்புறக் கிடக்கிறான், முகம் தெரியவில்லை. நாலு பேர் அவனைத் தூக்குகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் கண்ணில் கருவிழி போட்டிருந்தான். மேலே தலைப்புக்குக் கோடு போட்டு, இந்தியில் எழுதுவதா தமிழில் எழுதுவதா என்று கேட்டான். எதில் வேண்டுமானாலும் எழுது என்றோம். அந்த நாலு பேருக்கு என்ன பேர் என்று அடுத்து கேட்டான். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள் பிள்ளைகள், சத்தம் அதிகமாகிவிட்டது. ஒன்பது மணியானதும் கதவைச் சாத்தினோம். தலைப்புக் கோட்டில் இன்னும் எதுவும் எழுதவில்லை.